காது விஷயம்

கூத்தில் மிருதங்கம் வாசிக்கிறவன் நான். கலைஞர்களுக்கான அரசு நிதியுதவி விண்ணப்பத்தில், இடது காது கேட்காது என்பதை எழுத வேண்டியிருந்தது. எங்கள் கூத்துக் குழுவில் மற்ற எட்டுப் பேருக்கும் தெரிந்தால், மிருதங்கம் வேறு கைக்குப் போய்விடுமே என்று பயம்.

தருமபுரி அலுவலகத்துக்கே போய், இதை யார் யார் படிப்பார்கள் என்று அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெல்ல ஏதோ சொன்னார். மூன்று முறை சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் எழுதிக் காட்டினார்: தேர்வுக் குழு மட்டும் பார்க்கும், பிறகு பீரோவில் பூட்டிவிடுவோம்.

“எடது காது கேக்காதுங்கறது மட்டும் வெளிய தெரியக் கூடாதுங்கம்மா,” என்றேன்.

அவர் பதறி, மெதுவாகப் பேசும்படி கை காட்டினார்.

வெளியே பெஞ்சில் எங்கள் கூத்து வாத்தியார், தன் விண்ணப்பத்தோடு.

“கேட்டுச்சுங்களா?” என்றேன்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்ங்கண்ணா. மூணு வருசமா எல்லாரும் உங்க சோத்துக்கைப் பக்கமா வந்து பேசறமே, எதுக்குன்னு நெனச்சீங்க? உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மத்தவங்ககிட்டச் சொல்லிடாதீங்க, சங்கடப்படுவாங்க.”

இப்போதும் மற்ற ஏழு பேரும் என் வலப்பக்கம் வந்துதான் பேசுகிறார்கள். நானும் ஒன்றும் தெரியாதவனாக இருந்துகொள்கிறேன்.