எட்டடி ஆபீஸ் ரூம்

என் அண்ணன் மதுரைக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. அடுத்தவன் எழுதியதைப் பார்த்து நாள் முழுக்க எழுதுகிற உத்தியோகம். அதற்கு வீட்டில் ஓர் ஆபீஸ் ரூம் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அப்பா போன பிறகு அவன் வைத்ததுதான் சட்டம். எதற்கு என்று கேட்க ஆளில்லை.

வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் சந்தில் இருந்த எங்கள் வீட்டில், காற்று வருவது பின்கட்டு அறையின் சன்னல் வழியாக மட்டும்தான். பிரசவம், அம்மை, காய்ச்சல் எல்லாம் அங்கேதான். அண்ணன் கண்ணில் பட்டதும் அந்த அறைதான். எவனோ வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது ஏலம் விட்ட தேக்கு மேஜையை வாங்கி, நாலு பேரை விட்டுத் தூக்கி வரச் செய்து உள்ளே போட்டான். போட்ட பிறகு மனையடி சாஸ்திரத்தைப் புரட்டினான். அறை ஒன்பதடி. ஒன்பது பீடையாம், எட்டு யோகமாம். அந்த ஒன்பதடியில் பிறந்து, வளர்ந்து, உத்தியோகமும் வாங்கியவனுக்கு அன்றைக்குத்தான் பீடை தெரிந்தது.

சன்னல் இருந்த கொல்லைச் சுவரை ஒட்டி உள்பக்கம் ஓரடி கனத்துக்கு இன்னொரு சுவர் எழும்பியது. சுண்ணாம்புக்குச் செலவாகும் என்று களிமண்ணில் வைத்த செங்கல்.

"சன்னலுக்கு எடம் விட்டுக் கட்டவாய்யா?" என்று கொத்தனார் கேட்டிருக்கிறார்.

"விட்டா அந்த எடத்துல மட்டும் ஒம்பதடி ஆயிரும்ல. அடைச்சிரு."

இதை அம்மா என்னிடம் பெருமையாகவே சொன்னாள்.

வளைகாப்பு முடிந்து பேரையூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு நான் வந்தபோது, மேஜையை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். புதுச் சுவர் வந்த பிறகு அதைத் திருப்ப இடமில்லை. அதன் ஓரத்தில் எனக்குப் பாய் விரித்தார்கள்.

சித்திரை மாதம் நடு மத்தியானம் வலி எடுத்தது. சாம்பிராணிப் புகை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தக்கூட மூச்சு இல்லை. செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன்.

மருத்துவச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சன்னல் எடத்துல நாலு கல்லைப் பேத்து விடச் சொல்லுங்கம்மா. இவளுக்குக் காத்து வேணும்" என்றாள்.

அம்மா கையைப் பிசைந்தாள். "பெரியவன் கோர்ட்டுலேருந்து வரட்டும். ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்."

"கோர்ட்டு மணி பாத்தா புள்ள வரும்?" என்று சொல்லிவிட்டு, மருத்துவச்சியே கொல்லையிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்தாள். களிமண் சுவர் நாலு குத்தில் பெயர்ந்து மேஜைமேல் விழுந்தது. வேப்பமரத்துக் காற்று உள்ளே வந்தது. அரை நாழிகையில் மகள் பிறந்தாள். நீலம் பாரித்து, அடித்த பிறகே அழுதாள்.

சாயங்காலம் வந்த அண்ணன் தீட்டு என்று அறை வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே எட்டிப் பார்த்தான், என்னை அல்ல, ஓட்டையை. "இம்புட்டுப் பெருசாவா இடிக்கணும்?" என்று கேட்டான். இவனைப் போய் நான் என்னவென்று திட்டுவது? இளக்காரத்துக்கு மேல் எதற்கும் லாயக்கில்லாத ஜென்மம்.

தீட்டு இருந்த வரைக்கும் அந்த ஓட்டை எனக்கு மிஞ்சியது. பதினாறாம் நாள் தலைக்கு ஊற்றிய கையோடு கொத்தனார் வந்துவிட்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அம்மா வெயிலில் குந்தி உட்கார்ந்து, பெயர்ந்த செங்கற்களில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, உடையாததாகப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணன் நின்றான்.

"இம்புட்டுத்தான் தேறுச்சு தம்பி" என்றாள் அவனிடம், தப்புச் செய்தவள் மாதிரி.

அடுத்த மூன்று பிரசவத்துக்கும் அம்மா பேரையூர் வரை வந்து அழைத்தாள். நான் போகவில்லை.