ஒருக்கா வாங்கோ

செல்வண்ணை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாக பெர்னில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே நிலக்கீழ் தளத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. நோயாளிகள் விட்டுப்போன கட்டில்கள் கீழே வரும். கழுவித் துடைத்து, புது விரிப்புப் போட்டு மேலே அனுப்பவேண்டும். ஒன்பது மணி இடைவேளைக்கு நாங்கள் எல்லோரும் நாற்காலிகளில் பொத்தென்று விழுவோம். அவர் மட்டும் பாணைக் கையில் வைத்துக் கடித்தபடி கதவுக்கும் லிப்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார்.

"அண்ணை, காலில சில்லு பூட்டியிருக்கோ?" என்று கேட்பேன்.

"நீர் சாப்பிடும் தங்கச்சி," என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுப் போவார்.

ஓஸ்டர்முண்டிகனில் வீடு. அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்துதான் வேலைக்கு வருவார். பஸ் கார்ட் பர்சுக்குள் சும்மா தூங்கும். ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில் நீதி கேட்டு ஊர்வலம் என்றால் வருவார், ஆனால் கூட்டத்துக்குள் நிற்கமாட்டார். கொடிகளும் படங்களுமாக நாங்கள் சதுக்கத்தில் நிற்க, அவர் விளிம்பால் சுற்றிக்கொண்டே இருப்பார். பொலிஸ்காரர்கள்கூட அவரைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. அவர் யாரையும் கூப்பிடமாட்டார். எனக்குத் தொலைபேசி வந்தால் "ராஜேஸ்வரி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எனக்குக் கேட்கும். கொடுக்கமாட்டார். நீளமான நடையைக் கடந்து வந்து என் முன்னால் நிற்பார். அவருடைய மகள் சிவானுஜா சின்னப்பிள்ளையாக இருந்தபோது மற்றத் தாய்தகப்பன்மார் பால்கனியில் நின்று பிள்ளைகளைச் சத்தம்போட்டுக் கூப்பிடுவார்கள். இவர் நாலு மாடி இறங்கிப் போய்க் கூட்டி வருவார். ஒருநாள் பிள்ளை பந்துக்குப் பின்னால் ரோட்டுக்கு ஓடியது. அப்போதும் வாய் திறக்காமல் ஓடிப்போய்ச் சட்டையில் பிடித்து இழுத்தாராம் என்று அவருடைய மனைவி சொல்லி அழுதா. சாமிக்கு நேர்த்தியோ என்று நாங்கள் பகிடி பண்ணினோம். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன ஜனவரியில் வேலைசெய்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். தன்னுடைய ஜெர்மன் கட்டில் கழுவத்தான் காணும் என்று சொல்லி அண்ணை என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். அன்று காலையிலிருந்தே ஆள் சரியில்லை. இரண்டு கட்டில்களுக்கு விரிப்பை மாறிப் போட்டிருந்தார்.

சின்ன வெள்ளை அறை. ஒரு மேசை. புதிதாக வந்த இளம் டாக்டர் கணினியில் தட்டித் தட்டிக் கேட்டாள். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், எப்போது சுவிஸுக்கு வந்தீர்கள், மனைவி, பிள்ளைகள். அண்ணை ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொல்லச் சொல்ல அவருடைய முகம் வேர்த்தது. கையில் கட்டிய பிரஷர் பட்டி விம்மி விம்மி இறங்கியது.

"உண்ட் பெவேகுங்?" என்றாள் டாக்டர்.

உடம்புக்கு அசைவு இருக்கிறதா, நடை, பயிற்சி ஏதும் உண்டா என்று கேட்கிறாள். சாதாரணக் கேள்வி. ஆனால் எங்கள் ஆட்களில் பலர் இந்த நாட்டில் முதல் முதல் கேட்ட ஜெர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. அகதி விசாரணையில் இதேபோல ஒரு மேசை, இதேபோலத் தட்டச்சுச் சத்தம், இதே வரிசையில் கேள்விகள். கடைசியில் அதிகாரி கேட்பார், "பெவேகுங்?" மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொல்வார், "இயக்கத்தில இருந்தனீரோ?" பெவேகுங் என்றால் இயக்கம். இயக்கம் என்றால் துவக்கு வைத்திருந்த இயக்கம்தான். வேறு அர்த்தம் எங்களுக்கு யார் சொல்லித்தந்தது?

தொண்ணூற்றோராம் ஆண்டு அந்த விசாரணை மேசையில் 'இல்லை' என்று சொன்ன அண்ணை இப்போது "யா" என்றார்.

"இரண்டு வருசம்," என்றார் உடைந்த ஜெர்மனில். "நான் சுடவில்லை. நான் கூப்பிட்டேன். கூப்பிட்டது மட்டும்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். யாரைக் கூப்பிட்டாராம் என்று கேட்டாள். அவர் எந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாய் தன்பாட்டில் பொய் சொன்னது. இரண்டு வருடமாக வேலைக்கு நடந்தே வருகிறார், என்னையும் நடக்கக் கூப்பிட்டார், நான்தான் வரவில்லை என்றேன். "சூப்பர்!" என்று டாக்டர் சிரித்து, திரையில் ஏதோ ஒரு கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டாள். நீங்களும் அவரோடு நடக்கலாமே என்று எனக்கு ஒரு புத்திமதியும் கிடைத்தது.

வெளியே வந்து படிக்கட்டில் நிற்பாட்டிக் கேட்டேன். அவர் மேலே நாலு படி ஏறி, கீழே நாலு படி இறங்கி, அப்படியே சொல்லி முடித்தார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. இவருக்கு இருபது வயது, ஊரில் தவம் என்று பெயர். பஞ்சாட்சரம் என்று ஒருவர் அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஒரு கட்சி கேட்க, தேர்தலில் நிற்க ஒப்புக்கொண்டுவிட்டார். இயக்கத்துக்கு அது பிடிக்கவில்லை. எந்த இயக்கம் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவேண்டாம். பெயர்கள் பல இருந்தன, செய்தது எல்லாம் இதைத்தான். மனேச்சர் பயத்தில் வேலிப் படலையைப் பூட்டி வைத்திருந்தார். தெரியாத ஆள் வேலிக்கு அப்பால் நின்று எவ்வளவு கத்தினாலும் வெளியே வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர் வாங்க அந்த வீட்டுக்குப் போகிறவர் தவம். அதனால் அவருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள்.

"படலையில நிண்டு கூப்பிட்டன். 'அண்ணை, ஒருக்கா வாங்கோ' எண்டு. ஒரு கன்னத்தில சவர்க்கார நுரையோட வாசலுக்கு வந்தார். 'பேப்பர் உள்ள கிடக்கு, வந்து எடன் தம்பி' எண்டார். நான் போகேல்லை. 'இல்லை அண்ணை, நீங்கள் ஒருக்கா வாங்கோ' எண்டன். அந்த ரெண்டாவது தரம்... அதுதான் தங்கச்சி."

"அவங்கள் என்ன செய்யப்போறாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"கதைக்கத்தான் போறம் எண்டு சொன்னவங்கள்." நாலு படி ஏறினார். நாலு படி இறங்கினார். "இல்லை. எனக்குத் தெரியும். வேலியோரம் சைக்கிளில நிண்டவன் இடுப்பில செருகியிருந்ததைப் பாத்தனான்."

நான் அவரைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டேன். கீழே போய் என் கட்டில்களைக் கழுவினேன். ஒரு கிழமை அவரோடு கதைக்கவே இல்லை. கோபம் என்றால் சாதாரணக் கோபமில்லை, தண்ணீர்க் குழாயை அவர் பக்கம் திருப்பிவிடலாமா என்ற அளவுக்கு. எங்கள் வீட்டிலும் ஒருநாள் காலை இது நடந்தது. சின்னமாமாவைப் படலையில் யாரோ கூப்பிட்டார்கள், அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. யார் கூப்பிட்டது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஜெனீவாவில் மற்றவன் கொன்றதைச் சொல்ல எங்களிடம் மைக் இருக்கிறது. நாங்கள் கொன்றதைச் சொல்ல வாய் வருவதில்லை. நானும் அந்தச் சதுக்கத்தில் நின்று கத்திய ஆள்தான்.

எட்டாம் நாள் அவரே வந்து என் முன்னால் நின்றார். தொலைபேசியை நீட்டினார். இணையத்தில் வந்த நினைவஞ்சலி அறிவித்தல். முப்பத்தைந்தாம் ஆண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் மனேச்சர் தலையைப் படிய வாரியிருந்தார். கீழே, "பழகிய குரலை நம்பிப் படலை திறந்து, இனந்தெரியாதோரால் எம்மிடமிருந்து பறிக்கப்பட்ட எங்கள் தெய்வமே." பிரிவால் வாடும் மனைவி மனோகரி, லோசான். தொடர்புக்கு ஒரு இலக்கம்.

இனந்தெரியாதோர். அந்தக் காலத்துப் பேப்பர்களில் நாளாந்தம் வந்த சொல் அது. ஊருக்கே தெரிந்த ஆட்களுக்குப் பேப்பர் வைத்த பெயர். ஆனால் பழகிய குரல் என்றும் போட்டு இனந்தெரியாதோர் என்றும் போட்டிருக்கிறாளே இந்த மனுசி!

"வருசா வருசம் இதே வசனம்," என்றார் அண்ணை. "ஜனவரி வந்தால் நான் இதைத்தான் தேடிப் பாக்கிறது. அடுக்களையில நிண்டு என்ர குரலைக் கேட்டிருக்கிறா. ஆற்ர குரல் எண்டு பிடிச்சாவோ இல்லையோ தெரியாது. அந்த இலக்கத்தை அடிச்சு அடிச்சுக் கட் பண்ணியிருக்கிறன். டாக்டரிட்டை வாய்தவறி வந்திட்டுது. இனி அது உள்ள போகுதில்லை. நான் அவவுக்குச் சொல்லவேணும் தங்கச்சி. சொல்லாமல் செத்தனெண்டால்..."

அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. "எங்கட வீட்டுக்கு வந்து சொல்ல ஒருத்தரும் இல்லை," என்றேன். "நீங்களாவது போய்ச் சொல்லுங்கோ."

நான்தான் அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். பெர்னிலிருந்து கதைக்கிறேன், உங்கள் கணவரைத் தெரிந்த ஒருவர் உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்றேன். ஆர் என்று மனோகரி கேட்டா. அவரே வந்து சொல்வார் என்றேன்.  பிறகு, "சனிக்கிழமை வாங்கோ, மகள் வேலைக்குப் போயிடுவாள்," என்றா.

ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அவர் கதவடியிலேயே நின்றார். கடைசிச் சுரங்கம் தாண்டியதும் ஏரி திடீரென்று விரியும், பெட்டியிலுள்ளவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். அண்ணை கதவுக் கைபிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் போகமாட்டாராம். படத்துக்கு மாலை போட்டிருக்கும், அதற்கு முன்னால் தன்னால் நிற்கமுடியாதாம். கீழே கூப்பிட்டு, எங்காவது ஒரு பார்க்கில் வைத்துச் சொல்வாராம். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

மெட்ரோவில் மேடேறி, பழைய ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றின் முன்னால் வந்து நின்றோம். பூட்டிய கண்ணாடிக் கதவு. பக்கத்தில் மணிப்பொத்தான்களின் வரிசை, அதற்கு மேல் மாடியிலிருப்பவர்களோடு பேசும் பெட்டி. பிரெஞ்சுப் பெயர்களுக்கும் போர்த்துக்கேயப் பெயர்களுக்கும் நடுவில் பஞ்சாட்சரம் என்று லத்தீன் எழுத்தில் நெரித்து எழுதியிருந்தது. கதவுக்கு முன்னால் அவர் பத்துத் தரமாவது நடந்திருப்பார். வெளியே வந்த ஒரு பெண் எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் போகவில்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

"அழுத்துங்கோ," என்றேன்.

அழுத்தினார். பெட்டி இரைந்தது.

"ஓம், ஆர்?" வயசான குரல்.

 வழிநெடுக அவர் என்னோடு ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பத்தொன்பது வருடத்தில் அவர் ஒருவரைக் கூப்பிட்டதை அன்றுதான் முதல் முதல் கேட்டேன்.

"அக்கா," என்றார். "ஒருக்கா வாங்கோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. பெட்டிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. வைத்துவிட்டாவோ என்று நினைத்தேன்.

"தவமோ?" என்றது குரல்.

"ஓம் அக்கா."

"குரல் கொஞ்சம் தடிச்சுப்போச்சு." பிறகு மூச்சு வாங்கும் சத்தம். அப்படியென்றால் முப்பத்தைந்து வருடமும் பெயர் தெரிந்துகொண்டுதான் இந்த மனுசி இனந்தெரியாதோர் என்று போட்டுவந்திருக்கிறா. "நான் கீழ வரமாட்டன்."

"சரி அக்கா," என்றார். அழுதுகொண்டிருந்தார்.

"அண்டைக்கு அவர் உன்னை உள்ள வரச்சொல்லித்தானே சொன்னவர். நீ வரேல்லை. இப்ப வா."

கதவு உர்ரென்று திறக்கும் சத்தம் போட்டது. செல்வண்ணை அசையவில்லை. அந்த மனுசன் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தம் நின்றுபோனது. அவரைத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை.

மேலே இருந்து அந்த மனுசி இரண்டாம் தரம் அழுத்தினா. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.