ஐந்து ஐம்பது பஸ்ஸுக்காக ஒரு நட்சத்திரக் கேள்வி

நான் எழுதியவற்றில் ஒரு மந்திரி முதன்முதலில் படித்தது நான்கு வரிகள். எழுதியது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பதில் மாறியிருக்காது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி பிரிந்து போய் ஆறு வருடம் ஆகிறது. காரணத்தை அவளிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வாள். எல்லாம் நியாயமான காரணங்கள். வேலை வைட்ஃபீல்டில். மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதித் தர வேண்டும். அந்த விளக்கத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதை அதே மென்பொருள் மாதாமாதம் எனக்குத் தெரிவிக்கும். மிச்ச நேரத்தில் சிற்றிதழ்களுக்கு நகைச்சுவை எழுதுகிறேன். அதில் அப்படித் தெரிவிக்கும் வசதி இல்லை என்பதால் தொடர்ந்து எழுத முடிகிறது.

ஆபீஸ் ஒன்பதரைக்கு. நான் பிடித்ததோ காலை ஐந்து ஐம்பது பஸ். கேட்டவர்களிடம் டிராபிக்குக்குப் பயந்து என்று சொல்லி வைத்திருந்தேன். ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்து பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே செக்யூரிட்டிக்காரரோடு நிற்கிறவனுக்கு டிராபிக்கைப் பற்றி என்ன கவலை? உண்மையான காரணம் பஸ்ஸின் கடைசி வரிசை.

எங்கள் ஸ்டாப்பில் பஸ் காலியாகக் கிளம்பும். காக்ஸ் டவுன் வருவதற்குள் நிரம்பிவிடும். அதற்கு அடுத்து ஜீவனஹள்ளியில் நான்கு பெண்கள் ஏறுவார்கள். நால்வருக்கும் வைட்ஃபீல்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை, ஏழு மணி ஷிப்ட். அவர்களுக்குக் கடைசி வரிசையில் இடம் பிடித்து வைப்பது என் பொறுப்பு. பை, குடை, டிபன் பாக்ஸ், ஒரு நாவல் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை வைப்பேன். ஒல்லியான புத்தகத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதால் தலையணைப் பருமன் நாவல்களாக வாங்க ஆரம்பித்தேன். என் இலக்கிய ரசனை உயர்ந்தது அப்படித்தான்.

"ஏன் சார், குடெக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?" என்பார் கண்டக்டர். கன்னடக்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் கலக்கும்.

நால்வரில் மூத்தவரை மற்ற மூவரும் அக்கா என்றார்கள். என்னைவிட வயதில் சிறியவர்தான். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"இன்னா சார், இன்னிக்கும் அதே சட்டையா? வூட்ல வேற இல்லியா?"

"இருக்கு அக்கா. இது எனக்கு நல்லா இருக்குன்னுதான்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அதான் பாத்தேன்."

மற்ற மூவரும் குனிந்து சிரிப்பார்கள். வைட்ஃபீல்ட் வரைக்கும் இப்படியே போகும். அதன் பிறகு எனக்குப் பேச்சே கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரர்கூட எனக்குச் செய்தி அனுப்பித்தான் காபிக்குக் கூப்பிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குக்கர் மட்டும் ஏதோ சொல்லும்.

ஒரு திங்கட்கிழமை பஸ் வரவில்லை. ஆறே கால் வரை நின்றுவிட்டு டைம் கீப்பரைக் கேட்டேன். "அது இனிமே இல்ல சார். ஒம்பது இருபதுக்கு ஒண்ணு இருக்கு" என்றார். ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளி போனேன். நான்கு பேரும் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், பஸ்ஸ எங்க வுட்டுட்டு வந்தே?" என்றார் அக்கா.

அன்றிலிருந்து நாங்கள் ஐந்து பேரும் ஷேர் ஆட்டோவில் பையப்பனஹள்ளி, அங்கிருந்து மெட்ரோ, இறங்கி நடை. எப்படி ஓடினாலும் ஏழு இருபத்தைந்து ஆனது. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், மெட்ரோவில் இல்லை. ஆனால் அக்காவை உறுத்தியது அதுவல்ல. சூப்பர்வைசர் இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஏழு மணிக்கு வர வழி செய்துகொள்ளாவிட்டால் ஷிப்டுக்கு வேறு ஆள்; இவர்கள் நால்வரும் ஆளுக்கொரு பக்கம்.

மெட்ரோவில் எதிரெதிரே உட்கார வைத்துவிடுகிறார்கள். எதிரே இருக்கிறவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நம்மையே பார்ப்பார்கள். அக்கா குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். என் சட்டையைப் பற்றி ஒரு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. எட்டாம் நாள், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, "நான் எம்.எல்.ஏ.வைப் பாக்கறேன். சட்டசபையிலயே கேக்க வெச்சுடலாம்" என்றேன்.

"நெஜம்மாவா சார்?"

"கேள்வி எழுதறது நானு. மந்திரி தப்பிக்கவே முடியாது."

எம்.எல்.ஏ. ஆபீசில் அவருடைய பி.ஏ.வைத்தான் பார்க்க முடிந்தது. ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் கதையைப் பாதி கேட்டதுமே ஒரு காகிதத்தை நீட்டினார். கேள்வியை எழுதிக் கொடுத்தால் போதும், குலுக்கலில் வந்தால் நட்சத்திரக் கேள்வி ஆகிவிடும், மந்திரி எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும் என்றார்.

நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கன்னடத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அதிகாலையில் ஊரைக் கூட்டிப் பெருக்கப் போகிறவர்களை ஊர் தூங்கி எழுந்த பிறகு ஏற்றிச் செல்லும் அரசின் தொலைநோக்கைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பத்தி.

பி.ஏ. சிரிக்காமல் படித்து முடித்தார். "சார், கேள்வில வாதம் கூடாது. ஊகம் கூடாது. அடைமொழி கூடாது. கிண்டல் கூடவே கூடாது. ரூல்லயே இருக்கு."

"கிண்டல் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கா?"

"இருக்கு சார். உங்களுக்குன்னே போட்ட மாதிரி."

இருபது வருடம் நான் கற்ற தொழில் முழுவதும் அந்த ஒரு விதியில் போயிற்று. மிஞ்சியது நான்கு வரி. அதையாவது அழகாகச் செய்வோம் என்று ஒன்றோடு ஒன்றைக் கோத்தேன். (அ) ஐந்து ஐம்பது பஸ் நிறுத்தப்பட்டது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா? (ஆ) வந்திருப்பின், நிறுத்தியதற்குக் காரணம் என்ன? (இ) அக்காரணத்தால் பாதிக்கப்பட்ட பெண் தொழிலாளர்கள் எத்தனை பேர்? (ஈ) அவர்களுக்காக அந்த பஸ் மீண்டும் எப்போது விடப்படும்? படித்துப் பார்த்தால் படி இறங்குவது போல இருந்தது.

பி.ஏ.வுக்குப் பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் முதல் வரியில தொங்க விட்டுட்டீங்களே சார். தனித்தனியா கேளுங்க. காலைல எத்தினி பஸ்ஸு, எந்தெந்த டைமு, பட்டியல் குடுன்னு கேளுங்க. பட்டியல் கேட்டா பொய் சொல்ல முடியாது."

"பட்டியல் யாரும் படிக்க மாட்டாங்க சார்" என்றேன். என் ஆபீஸ் அனுபவத்தில் சொன்னது. அவர் தோளைக் குலுக்கிவிட்டு வாங்கிக்கொண்டார்.

குலுக்கலில் வந்தது. லீவு போட்டுவிட்டு, பி.ஏ. வாங்கித் தந்த பாஸோடு சட்டசபை கூடும் விதான சௌதாவுக்குப் போனேன். போனை வாங்கி வைத்துக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. நான் வீட்டில் இருப்பது போலவே இருந்தேன்.

எங்கள் எம்.எல்.ஏ. பெயரைச் சபாநாயகர் அழைத்தார். அவர் எழுந்து கேள்வி எண்ணைச் சொன்னார். மந்திரி எழுந்து, பதில் கொடுக்கப்பட்டுவிட்டது என்றார். அச்சடித்த பதில் ஏற்கெனவே உறுப்பினர் கையில் இருந்தது. அங்கே அப்படித்தான், கேள்வியையும் யாரும் வாசிப்பதில்லை, பதிலையும் யாரும் வாசிப்பதில்லை. பதிலைப் பிடித்துக்கொண்டு உறுப்பினர் எழுப்பும் துணைக் கேள்விதான் முக்கியம். அதற்காக நான் மூன்று கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றுமே மந்திரி "ஆம், நிறுத்தினோம்" என்று ஒப்புக்கொண்ட பிறகு கேட்க வேண்டியவை.

எம்.எல்.ஏ. அச்சடித்த பதிலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். இரண்டும் ஒட்டவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, ஜீவனஹள்ளி ஸ்டாப்பில் ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்கள், ஒரு நிழற்குடை அமைத்துத் தர வேண்டும் என்று கேட்டார். ஆகட்டும் என்றார் மந்திரி. மேஜையைத் தட்டினார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்ததும் பி.ஏ. பதிலின் நகலைக் கொடுத்தார். (அ) இல்லை. மேற்படி பஸ் நிறுத்தப்படவில்லை. அதன் நேரம் காலை 9.20க்கு மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. (ஆ), (இ), (ஈ) மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: கேள்வி எழவில்லை.

"நான் சொன்னேன்ல சார்" என்று பி.ஏ. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஜீவனஹள்ளி ஸ்டாப்பில் நான்கு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நால்வரில் சின்னவளின் தலையில் பூ இருந்தது. காகிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"பஸ்ஸு நிக்கலியாமா?" என்றார் அக்கா. "அப்போ டெய்லி இங்க வந்து அத்த எதிர்பாத்துக்கினு இருக்கறவங்க யாரு, பைத்தியமா?"

"டைம மாத்தினாங்களாம் அக்கா. நான் கேள்விய தப்பா எழுதிட்டேன். தனித்தனியா கேட்டிருக்கணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே சார். ஒம்பது இருபதுக்கு அதே நம்பரு பஸ்ஸு போவுதுன்னு இந்த ஸ்டாப்ல எல்லாருக்கும் தெரியும்."

எனக்கும்தான் தெரியும். முதல் நாளே டைம் கீப்பர் சொன்னார். ஆனால் "நிறுத்தப்பட்டது" என்பதில் இருந்த வேகம் "நேரம் மாற்றப்பட்டது" என்பதில் இல்லை என்று நினைத்துவிட்டேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

"வுடு சார். மூஞ்சிய ஏன் அப்டி வெச்சுக்கினு இருக்கே? சட்டைக்கும் அதுக்கும் பொருத்தமா இருக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஷேர் ஆட்டோ வந்தது.

இரண்டு மாதம் முடிந்தது. முதலில் சின்னவள் வரவில்லை. பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசி ஒரு வாரம் நானும் அக்காவும் மட்டும் மெட்ரோவில் போனோம். வெள்ளிக்கிழமை இறங்கும்போது, "என்னை வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க சார். திங்கள்லேர்ந்து" என்றார். நான் "அப்படியா அக்கா" என்றேன். அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். கதவு மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் இருவரும் அதற்கு முன்பே இறங்கிவிட்டிருந்தோம், ஆனாலும் ஏதோ எங்களுக்குச் சொன்னது போல ஆளுக்கொரு வாசலைப் பார்த்து நடந்தோம்.

அடுத்த கூட்டத்தொடருக்கு பி.ஏ. தானாகவே கூப்பிட்டார். இந்த முறை கேள்வியை அவர் மேஜையிலேயே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதினேன். காலை ஏழு மணிக்கு முன் இந்தத் தடத்தில் எத்தனை பஸ்கள் ஓடுகின்றன? சென்ற ஆண்டு எத்தனை ஓடின? நேரங்களின் பட்டியல் தருக. நான் எழுதியவற்றில் அதைவிடச் சப்பையாக எதுவும் இல்லை. பதில் இணைப்போடு வந்தது. சென்ற ஆண்டு ஒன்று, இந்த ஆண்டு பூஜ்யம் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. மூன்று துணைக் கேள்விகள் கேட்டார். அடுத்த மாதம் ஐந்து ஐம்பது பஸ் திரும்ப வந்தது.

அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். "பேப்பர்ல பாத்தேன் சார். நம்ம பஸ்ஸுக்கு விதான சௌதால ஜகளா, பெரிய சண்டெ!"

காக்ஸ் டவுனில்கூட நாலைந்து பேர்தான் ஏறினார்கள். பழைய ஆட்கள் ஆறேழு மாதத்தில் வேறு வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீவனஹள்ளி ஸ்டாப்பில் யாரும் இல்லை. கண்டக்டர் குனிந்து வெளியே பார்த்தார்.

"அவங்கெல்லாம் எங்க சார்? பஸ் வந்துடுச்சுன்னு சொல்லலியா?"

"போன் நம்பர் இல்ல."

"நாலு வருஷம் ஒண்ணா வந்தீங்க!"

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எதிரே பால் பூத்தில் ஒருவர் பாக்கெட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். வைட்ஃபீல்டுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிற அக்கா ஒருவர், தினமும் இங்கேதான் பஸ் ஏறுவார், வீடு எங்கே என்று கேட்டேன்.

"இங்க வூட்டுக்கு ஒருத்தர் ஹவுஸ்கீப்பிங்தான் சார். பேரு சொல்லுங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். "பன்னி, வாங்க சார், டைம் ஆய்த்து!" என்று கண்டக்டர் படியில் நின்று கூப்பிட்டார்.

"நாளைக்குப் பேரக் கேட்டுக்கிட்டு வந்து சொல்றேன்" என்று பால் பூத்துக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடிப் போய் ஏறினேன். யாரிடம் கேட்டுக்கொண்டு வருவேன் என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.