காலி இடம் என்று எழுதப்பட்ட பன்னிரண்டு அடி

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் அரைநூல் என்று பெயர். லேத் பட்டறை வைத்திருக்கிறார். கடைந்த உருப்படியில் அரைநூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, பிசகினாலும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். நான் நேர்மாறு, முதலில் பேசிவிட்டு அப்புறம் யோசிக்கிற ரகம்.

சாலையை அகலப்படுத்தப் பட்டறையின் முன்பக்கம் பன்னிரண்டு அடியை எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் வந்தது. லேத் மெஷின் நிற்பது சரியாக அந்தப் பன்னிரண்டு அடிக்குள்தான். இடிக்கிற வண்டி சொல்லிவிட்டா வரும், மெஷினை உள்ளே தள்ளுங்கள் மாமா என்று நான்தான் குதித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். நான் விடவில்லை. நாலு ஆட்களைக் கூட்டி வந்து, அடியில் குழாய்களைக் கொடுத்து உருட்டி, மெஷினைப் பின்கட்டில் சேர்த்தோம். அது நின்ற காங்கிரீட் அடித்தளத்தில் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. யாரும் தடுக்கி விழக்கூடாதென்று மணல் கொட்டித் தகரம் போட்டு மூடியதும் என் கெட்டிக்காரத்தனம்தான்.

மறுவாரம் அளக்க வந்தவர்கள் பார்த்தார்கள், எழுதினார்கள், போனார்கள். பிறகு வந்த பட்டியலை அக்காதான் வரி வரியாகப் படித்தாள். "காலி இடம்னு போட்டிருக்காங்கடா" என்றாள். நிலத்துக்கு மட்டும்தான் ஈடு. அடித்தளத்துக்குக் கிடையாது, மெஷினை வேறு இடத்தில் நிறுத்த அவகாசமும் கிடையாது.

பின்கட்டின் வெறுந்தரையில் மெஷின் அதிர்ந்தது. கடைந்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. வேலை கொடுத்தவர்கள் வேறு பட்டறை தேட ஆரம்பித்தார்கள். புது அடித்தளம் போட வழியில்லாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். நான் அதிகாரிகளைத் திட்டினேன், நோட்டீஸைத் திட்டினேன், போதாக்குறைக்கு என் பேச்சைக் கேட்டதற்காக மாமாவையும் திட்டினேன்.

மாமா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அக்கா பிடுங்கிக்கொண்டாள். முப்பது நாளைக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதைக் காட்டியதும் அவள்தான், எழுதியதும் அவள்தான். ரோடு வேண்டாம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எங்கே என்ன இருந்தது என்று சொல்லி, மறுபடி வந்து அளக்கக் கேட்டிருந்தாள். கொடுத்ததற்கு அத்தாட்சியாக நகலில் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இந்தமுறை வந்தது ஒரு பெண் அதிகாரி. தகரத்தைத் தூக்கி மணலை ஒதுக்கியதும் போல்ட்டுகள் தெரிந்தன. அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். மூன்றடி ஒன்பது அங்குலம் என்றார் மாமா. சரி என்று அதிகாரி எழுதப் போனார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். இந்த மனிதர் விட்டால்தானே.

"நான் சொன்னேன்னு எழுதாதீங்க மேடம். சரியா பாக்காம எழுதினதாலதான் இவ்வளவும். தோண்டி அளந்துட்டு எழுதுங்க."

அவர் வாயைப் பொத்தலாம் போலிருந்தது எனக்கு. கடப்பாரையை எடுத்து ஓரமாகத் தோண்டினேன். மூன்றடி ஒன்பது அங்குலம், அரைநூல்கூடப் பிசகவில்லை. அதிகாரி அடித்தளத்தையும் ஆறு மாத அவகாசத்தையும் பட்டியலில் ஏற்றினார். பிறகு நிமிர்ந்தார்.

"இவ்வளவு கணக்கா இருக்கிறவர், நாங்க அளக்க வர்றதுக்கு முன்னாடி மெஷினை ஏன் நகர்த்தினீங்க? யார் சொன்னது?"

நான் குழிக்குள் நின்று கடப்பாரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"யாரும் சொல்லலை மேடம். எனக்கே தோணுச்சு" என்றார் மாமா. பிறகு குனிந்து, "ஏறி வா மாப்ள" என்று குழிக்குள் கையை நீட்டினார்.