வியாழக்கிழமைச் சிரிப்பு

புரியாத ஒன்றுக்கு ஊரே சிரிக்கும்போது, புரிந்துவிட்ட ஒருவன் என்ன செய்ய வேண்டும்? போடி கடைவீதியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்த வைகுண்டராஜுக்கு இந்தக் கேள்வி ஐம்பத்திரண்டாவது வயதில் வந்து சேர்ந்தது.

கொடைக்கானல் மலையிலிருந்து டி.வி.யில் படம் தெரியத் தொடங்கியிருந்த காலம். வியாழக்கிழமை மாலை இந்தியில் ஒரு சிரிப்புத் தொடர் வரும். இளவயதில் பதினோரு வருஷம் டெல்லி மண்டியில் இருந்ததால், அந்தத் தெருவில் இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு மொழி ஒரு தடையாக இல்லை. பெட்டிக்குள் யாரோ கூட்டமாகச் சிரிப்பார்கள். உடனே இவர்களும் சிரிப்பார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்த கலை அதற்குமுன் போடிக்கு வந்ததில்லை. தொடரின் கதாநாயகன் வாராவாரம் தன் மைத்துனனைத் திருடன் என்று நினைத்து அடிப்பான். வாராவாரம் அந்த மைத்துனனும் பின்கதவு வழியாகவே வருவான். வைகுண்டராஜ் அரிசியில் கல் பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவர் அப்படி உட்கார்ந்திருந்த இடம்தான் வினையாகிவிட்டது. அது இரும்புக்கடை செல்வமணியின் வீடு. செல்வமணி தன் மகன் சண்முகராஜுக்கு வைகுண்டராஜின் மகள் பூமாரியைக் கேட்டிருந்தார். பூமாரிக்கு இருபத்தாறு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மரியாதைக்கு டி.வி. பார்க்க அழைத்தால், மனிதர் அரை மணி நேரம் பல்லைக் காட்டாமல் இருந்துவிட்டுப் போகிறார். அப்பனே இப்படியென்றால் பெண் எப்படியிருக்கும் என்று அந்த வீட்டில் பேச்சு கிளம்பியது.

பேச்சு வைகுண்டராஜின் மனைவி பஞ்சம்மாள் காதுக்கும் வந்தது.

"சிரிக்கிறதுக்கு என்ன கேடு உங்களுக்கு? வாயத் தொறந்து நாலு தடவ சிரிச்சுட்டு வாங்க. அவுக சம்மதம்னு சொல்லிருவாக."

"சிரிப்பு வந்தாத்தான சிரிக்க?"

"அங்கன சிரிக்கிற அத்தன பேருக்கும் வந்தா சிரிக்கிறாக?"

இந்தத் தொடரைப் பற்றி அந்த ஊரில் சொல்லப்பட்ட ஒரே விமர்சனம் அதுதான். அடுத்த வியாழன், மகளை நினைத்துக்கொண்டு, சிரிப்பது என்று முடிவுசெய்தே போனார்.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். சமையலறை வாசலில் பெண்கள். கதாநாயகன் ஏதோ சொன்னான்; பெட்டி சிரித்தது; கூடம் சிரித்தது. வைகுண்டராஜ் வாயைத் திறக்கும் முன், செல்வமணி அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சிக்குத்தான் இந்தி தெரியுமே. இப்ப என்ன சொன்னான்?"

இருபது தலைகளும் திரும்பின. கதாநாயகன் சொன்னது, டீயில் சர்க்கரை போதவில்லை என்பதைத்தான். உள்ளதைச் சொன்னால் அத்தனை வியாழக்கிழமைகளும் ஒரேயடியாகக் கெட்டுப்போகும். பூமாரியின் கல்யாணமும் போகும்.

"வேணாம் அண்ணாச்சி, பொம்பளைக இருக்காக," என்றார் வைகுண்டராஜ்.

கூடம் அதிர்ந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தொடரின் மதிப்பு ஒரே நொடியில் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. சண்முகராஜ் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அவன் சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு மாமா."

வைகுண்டராஜ் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொடர் முடியும்வரை பெட்டியைப் பார்த்தார்.

மறுநாள் காலையிலேயே, பெண் பிடித்திருக்கிறது, பூ வைக்க நாள் பார்க்கலாம் என்று செல்வமணி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பஞ்சம்மாள் காப்பி போட உள்ளே ஓடினாள். அவள் டம்ளரோடு திரும்பி வருவதற்குள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி வைகுண்டராஜ் ஆளை அனுப்பிவிட்டிருந்தார். ஏன் என்று பஞ்சம்மாள் பல வருஷம் கேட்டாள். டீயில் சர்க்கரை போதவில்லை என்று மட்டும் சொல்வார்.