ஆச்சு, தொடலாம்

நான் வயர்மேன். பேர் ஞானவேல். இருபத்தோரு வருஷமாகக் கரண்டோடு வேலை. பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் நின்றுகூடக் கேட்க மாட்டேன். எனக்குச் சோலி இருக்கும். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன், இது நடந்தது. ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். நான் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. கோபம். அது இன்னும் ஆறவில்லை.

கொடைக்கானலுக்கு வெளியே நாலு கிலோமீட்டரில் ஒரு பங்களா. வாடகைக்கு விடுகிறார்கள். மாடியில் 'மியூசிக் ரூம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாலு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஹெட்போனுக்கு என்றே ஒரு ஆம்ப்ளிஃபையர். செங்கல் அளவு இரும்புப் பெட்டி, முன்னால் வால்யூம் குமிழ். பட்டணத்து ஆட்கள் ஜன்னல் வழியாகப் பனிமஞ்சு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அதில் பாட்டுக் கேட்பார்கள்.

அதன் மேனேஜர் ராஜேஷ்குமார்தான் போன் செய்தான்.

"அண்ணே, ஹெட்போன்ல ஒரே ஹம்மிங். ஒரு கெஸ்ட்டு காது சுர்ருங்குதுன்னு ரிவ்யூல போட்டுட்டாங்க. சனிக்கிழமை ஃபுல் புக்கிங். வந்து பார்த்துட்டு, எல்லாம் சேஃப்னு ஒரு லெட்டர்ல சைன் போட்டுக் குடுத்துருங்க."

"காது சுர்ருங்குதுன்னா லெட்டர் எதுக்கு தம்பி? மொதல்ல பிளக்கைப் புடுங்கு."

சிரித்தான்.

மதியம் 2:10க்குப் போய்ச் சேர்ந்தேன். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்ததுமே எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நாலு பிளக்கிலும் மூன்றாவது பின்னை வெட்டி எடுத்திருந்தார்கள். பெரிய பின். அதுதான் எர்த். பெட்டிக்குள் கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்கு அனுப்புகிற வழி. அந்த வழியை அடைத்தால் கசிவு பெட்டியின் இரும்பிலேயே நிற்கும். அங்கிருந்து ஹெட்போன் வயர் வழியாக மனுஷனின் காதுக்கு வரும். முதல் பெட்டியில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

"பின்னை வெட்டுனது யாரு?"

"சுவத்துல ரெண்டு ஓட்டை சாக்கெட்தானேண்ணே. செட் ஆகல."

"சட்டை பத்தலைன்னா கைய வெட்டிக்கிருவியா?"

"நீங்க வேறண்ணே. ஹெட்போன் வயரப் பாருங்க, ஃபாரின்ல இருந்து வந்தது. வெள்ளி கலந்த வயரு."

காதுக்கு வெள்ளி வயர். உயிருக்கு ஒரு முழம் செம்பு வயர் இல்லை.

மூன்றாவது மேசைக்குப் பின்னால் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பழைய சாக்கெட்டைக் கழற்றிப் புதிதாக மூன்று பின் சாக்கெட் மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பச்சை எர்த் வயர் சுவர் வரை வந்து நிற்கிறது. சாக்கெட் பாதியில் தொங்குகிறது. கரண்டை மட்டும் பக்கத்துப் பழைய சாக்கெட்டிலிருந்து ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். சுவரில் சாக்கெட் பெட்டியின் வாயில் கறுப்பாக ஒரு கரி.

"எவன் இது, பாதியில விட்டுட்டுப் போன சோம்பேறி?" என்றேன்.

ராஜேஷ்குமார் பைக் சாவியை எடுத்தான். "டவுனுக்குப் போயிட்டு வெரசா வந்துர்றேண்ணே" என்று கிளம்பிவிட்டான். பைக் சத்தம் மஞ்சுக்குள் போய் நின்றது. 2:35.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மெயின் போர்டு கீழே இருக்கும், வேலை மேலே இருக்கும். ஒருத்தன் போர்டுப் பக்கம் நிற்பான். மேலே இருப்பவன் தொடுவதற்கு முன் "ஆஃப் பண்ணியாச்சா?" என்று கத்துவான். கீழே இருப்பவன் "ஆச்சு, தொடலாம்" என்பான். அந்தப் பதில் வந்துவிட்டால் பிறகு டெஸ்டர்கூட வைக்க மாட்டோம். எங்கள் தப்பு அது. ஆனால் என் அப்பா மரம் வெட்டியவர். சாய்கிற மரத்துக்குக் கீழே நிற்பவனுக்கு மேலே இருப்பவனின் குரல்தான் உயிர். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். குரலை நம்புவோம்.

அன்று நான் தனி ஆள். அதனால் மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயினை நானே ஆஃப் செய்தேன். ஃபியூஸ் கம்பி மாட்டியிருக்கும் பீங்கான் கட்டையை, ஃபியூஸ் கேரியரை, பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். 2:50.

மூன்றாவது மேசையிலேயே தொடங்கினேன். முதலில் ஹெட்போன் வயர். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, வயரின் நுனியில் இருக்கும் ஜாக்கைக் கையில் பிடித்து, மீட்டரின் முனைகளை அதில் வைக்க வேண்டும். வயர் நன்றாக இருந்தால் காதில் 'டிக்' என்று கேட்கும். வைத்தேன்.

டிக்.

வயர் நன்றாகத்தான் இருந்தது. மீட்டரை எடுத்துக் கீழே வைத்தேன்.

ம்ம்ம்ம்...

ஹம்மிங். காதுக்குள்.

ஜாக் என் கையில். அது எதிலும் செருகவில்லை. மெயின் ஆஃப். ஃபியூஸ் என் பாக்கெட்டில். மணி பார்த்தேன், 3:04.

ஏதோ ரேடியோ அலையை வயர் பிடிக்கிறது என்று நினைத்தேன். அப்படி நடப்பதுண்டு. ஜாக்கை உள்ளங்கையில் இறுக்கி மூடினேன்.

ஹம்மிங்குக்குப் பின்னால் மழை கேட்டது. தகரத்தில் அடிக்கிற கனத்த மழை. ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மஞ்சு மட்டும்தான். ஒரு சொட்டு இல்லை.

3:07. ஸ்க்ரூடிரைவரை மரத்தில் வைக்கிற சத்தம். அப்புறம் மூச்சு. குனிந்து வேலை பார்க்கிற ஆளின் மூச்சு. அது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் விடுவேன்.

தொண்டையைச் செருமுகிற சத்தம்...

"தம்பி... ஆஃப் பண்ணியாச்சா?"

ஹெட்போனைக் கழற்றினேன். அறையில் சத்தமே இல்லை. படிவரை போய்க் கீழே பார்த்தேன். யாரும் இல்லை. எனக்கு நாற்பத்தி மூன்று வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட அங்கே யார் இருக்கிறார்கள்?

திரும்பி வந்தேன். போயிருக்கலாம். போகவில்லை. மாட்டினேன்.

மழை. மூச்சு.

"தம்பி, ஆஃப் பண்ணியாச்சா? வெரசா சொல்லுப்பா. கை வலிக்குது."

3:11.

கோபம் இல்லாத குரல். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிற வேலைக்காரனின் குரல். அப்படிக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே நிற்கிறவன் போனை நோண்டிக்கொண்டிருப்பான். மேலே நமக்குத் தோள் இற்றுப்போகும்.

"தம்பி... ஆஃப் பண்ணியாச்சா?"

3:12.

இருபத்தோரு வருஷப் பழக்கம். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"ஆச்சு, தொடலாம்."

டக்.

ஹம்மிங் பெரிதானது. இன்னும் பெரிதானது. நாற்காலி விழுந்தது. என் அறையில் நாற்காலி நின்றபடியே இருந்தது.

குதிகால் தரையில் அடிக்கிற சத்தம். டொக்... டொக், டொக், டொக்...

"யாருப்பா அது?" என்றேன்.

குதிகால் சத்தம் மட்டும்.

"யாருப்பா அது?"

ரொம்பத் தூரத்தில், சட்டைப் பைக்குள் இருந்து வருவது மாதிரி, ஒரு பொம்பளைக் குரல்.

"என்னங்க?... என்னங்க?"

"யாருப்பா அது?"

"என்னங்க..."

நின்றது.

எல்லாம் நின்றது.

ஜாக் என் கையில் இருந்தது. சில்லென்று.

ராஜேஷ்குமார் திரும்பி வந்தபோது 3:40. நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"முடிஞ்சுதாண்ணே?"

"மூணாவது டேபிள்ல முன்னாடி வேலை பார்த்தது யாரு?"

பைக் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான்.

"கேக்குறேன்ல."

"பாச்சலூர் ஆளுண்ணே. திருமலைச்சாமின்னு. போன நவம்பர்ல... ஷாக் அடிச்சு இறந்துட்டாரு. குடிச்சிருந்தாருண்ணே."

மலைப்பக்கம் ஒரு வயர்மேன் செத்தான் என்று அப்போது கேள்விப்பட்டிருந்தேன். எந்த இடம் என்று தெரியாது. நவம்பர் முழுக்க நான் மலைக்குக் கீழே ஆயக்குடியில் ஒரு கொய்யாக் குடோனுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தேன்.

"மெயின ஆஃப் பண்ண யாரு நின்னா?"

"என்னையத்தான் சொன்னாரு. கெஸ்ட்டு ஓவன்ல கேக் வச்சிருந்தாங்கண்ணே. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்னாங்க. முடியட்டும்னு கிச்சன்லயே நின்னுட்டேன்."

கேக்கு.

"அவரு கேட்டாரா? ஆஃப் பண்ணியாச்சான்னு?"

"கேட்டாருண்ணே. மூணு தடவ. சத்தியமா நான் பதிலே சொல்லல. பதில் வராம அவரு ஏன் தொட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அடிக்கத்தான் கை போனது. அடிக்கவில்லை. நான் யாரை அடிப்பது? ஃபியூஸ் கேரியரை அவனிடம் கொடுக்காமலே வந்துவிட்டேன். லெட்டரில் கையெழுத்தும் போடவில்லை.

நாலு நாள் தூக்கமில்லை. சனிக்கிழமை பஸ் ஏறிப் பாச்சலூர் போனேன்.

திருமலைச்சாமியின் மனைவி சண்முகசுந்தரி வீட்டு முன்னால் பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வயர்மேன் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எட்டாவது ஆளு. ஒக்காருங்க."

"எட்டாவதுன்னா?"

"வயர்மேனுங்க. ஏழு பேரக் கூப்பிட்டுக் கேட்டுட்டேன். அவரு குடிச்சிட்டு வேலை பார்த்தாரு, போர்டுப் பக்கம் ஆளே இல்ல, யாரையும் கேக்காமத் தொட்டுட்டாருன்னு பங்களாக்காரன் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டான். எங்க வீட்டுக்காரரு கேக்காமத் தொடுற ஆளு இல்லண்ணே. எம் மக பள்ளிக்கூடத்துல குடிகாரன் புள்ளன்னு பேரு வாங்கிட்டு வந்து அழுவுறா."

முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்தார்.

"அன்னைக்கு நாங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தோம். இந்தப் போனு எல்லாப் பேச்சையும் பதிஞ்சு வச்சுக்கிரும். கேளுங்க."

நவம்பர் 14. மதியம் 3:01க்கு ஆரம்பித்த அழைப்பு.

மழை. தகரத்தில் அடிக்கிற மழை. மூச்சு. "தம்பி... ஆஃப் பண்ணியாச்சா?" ஒரு தடவை. இரண்டு தடவை. அழைப்பின் பதினோராவது நிமிஷத்தில் மூன்றாவது தடவை.

"ஆச்சு, தொடலாம்."

என் குரல்.

 அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் குரல் இல்ல இது. கெஸ்ட்டுங்களும் இல்லையாம். கீழ இருந்து கத்துன மாதிரியும் இல்லண்ணே. பக்கத்துல ஒக்காந்து சொன்ன மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் இந்தப் பாவி கேக்குறதக் கேளுங்க. மனுசன் துடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. இவன் யாருப்பா அதுங்கறான். மூணு தடவ கேக்குறான். தூக்கல, தண்ணி குடுக்கல. யாருப்பா அதாம். எப்படிப்பட்ட ஈனப்பயலா இருப்பான்?"

பதிவை நிறுத்தினார்.

"குரலு ஒத்துப்போகுதான்னு பார்க்க, வந்த ஏழு பேரையும் அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லச் சொன்னேன். நீங்களும் அதச் சொல்லிட்டுப் போங்க."

எழுந்து போய்விடலாம். பஸ் நின்றுகொண்டிருந்தது. நவம்பர் 14 அன்று நான் ஆயக்குடியில் இருந்ததற்குக் குடோனில் பதினோரு பேர் சாட்சி.

சொன்னேன்.

"ஆச்சு, தொடலாம்."

பீன்ஸ் மேல் இருந்த அவர் கை நின்றது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனை மறுபடி ஓட்டினார். என்னை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் ஜூலை 8 அன்று நடந்ததை முழுசாகச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பாக்கெட்டில் இருந்த ஃபியூஸ் கேரியரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க சொன்னப்ப லைன் ஆஃப்லதான் இருந்துச்சா?"

"ஆஃப்லதான்மா இருந்துச்சு. சத்தியமா."

"அவரு தொட்டப்ப?"

அவர் கையில் இருந்த ஃபியூஸ் கேரியரைப் பார்த்தேன்.

உள்ளே போனார். மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க. அவரு கேட்டுட்டுத்தான் தொட்டாருன்னு எழுதுங்க. பதில் சொன்ன ஆளு நாந்தான்னு எழுதுங்க. யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

எழுதினேன். திருமலைச்சாமி மூன்று முறை கேட்டார். தொடலாம் என்று பதில் வந்த பிறகே தொட்டார். பதில் சொன்ன குரல் என்னுடையது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

"தேதி?" என்றார்.

பேனா நின்றது. அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நவம்பர் 14, 3:12 என்று எழுதினேன். அதன் பக்கத்திலேயே ஜூலை 8, 3:12 என்றும் எழுதினேன்.