பானெட்டின் மேல் ஒரு கை

என் வீட்டுக்காரருக்குப் பழைய கார்களைச் சோதித்துச் சொல்வதுதான் தொழில். வாங்குகிறவர்கள் இவரைக் கூட்டிப்போவார்கள். பட்டறைக்காரர்கள் இவருக்கு வைத்த பெயர் 'மோப்பம்'. பால்காரர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிக்கிற மனுஷன். பொய் சொல்லத் தெரியாது. இனிக்க இனிக்கப் பேசவும் வராது. இரண்டையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டேன்.

இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே விற்பவருக்குப் போன் போட்டு, "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுவார். போனதும் பேச்சு கிடையாது, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் அப்படியே திரும்பிவிடுவார். ஆறிக் கிடந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லுமாம். எஞ்சினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தேய்ந்திருந்தால், கிளப்பியவுடன் கடகடக்கும். புகையும் அப்போதுதான் வரும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சந்தேகம் இரட்டிப்பாகும். "அத வச்சிருந்தவன் எவனும் மெதுவா ஓட்டியிருக்க மாட்டான்" என்பார். கிளட்ச் தேய்ந்திருக்கும், டர்போ ஆயில் குடிக்கும், ரேடியேட்டர் ஒழுகும். ஒரு சின்ன ரப்பர் சீல் மாற்றக்கூட எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். பாகம் வந்துசேரும் வரை வண்டி பட்டறையில் தூங்கும். கடைசியில் ரிப்பேர் பில் வண்டியின் விலையையே எட்டிப் பிடித்துவிடும்.

அப்படிப்பட்டவருக்கே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் ஆசை வந்தது. என் தம்பியின் கார். விற்கப்போகிறேன் என்றான், நாமே வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

"எதுக்கு இப்ப விக்கிறான் உன் தம்பி?"

"பசங்க வளந்துட்டாங்க, ரெண்டு சீட்டு பத்தலையாம்."

"போன வருஷம் மட்டும் பத்துச்சாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு, பிறந்த வீடு என்று எனக்கிருப்பது அவன் ஒருவன்தான். "உங்க சந்தேகத்த எல்லாம் வெளி ஆளுங்களோட வச்சுக்குங்க. என் தம்பி மட்டும் உங்கள ஏமாத்தினான்னா, அப்புறம் அவன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்கவே மாட்டேன். போதுமா?" என்று கத்தினேன். வாய் இருக்கிறதென்று பேசுகிறவள் இல்லை நான். ஒரு கல்யாண வீட்டுச் சண்டையில் பெரியம்மா மகளோடு பேச்சை நிறுத்தியவள், இன்றுவரை பேசவில்லை. அது இவருக்கும் தெரியும்.

முதல் நாள் போன் பேசினார். "சத்தியமா தொட மாட்டேன் மாமா" என்று தம்பி சொன்னது எனக்கும் கேட்டது.

காலையில் போனோம். தம்பி கேட் பக்கத்திலேயே நின்றிருந்தான். முதலில் உள்ளே வாங்க, டீ குடிங்க, அப்புறம் பார்க்கலாம் என்று வழக்கத்துக்கு மேல் உபசரித்தான். இவர் காதில் போட்டுக்கொள்ளாமல் ஷெட்டுக்குப் போய்ப் பானெட்டில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை.

"சில்லுன்னு இருக்கு" என்றார்.

நான் தம்பியைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இவரோ சாவியைக்கூடக் கேட்கவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்ள. இவ்வளவு தாழ்வான சீட்டு என் முதுகுக்குத்தான் ஒத்துக்காது. வா, டீ குடிக்கலாம்" என்று அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஸ்டார்ட் செய்யாமலே ஒரு வண்டியை நல்ல வண்டி என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை. நின்று, பானெட்டில் என் கையை வைத்தேன். தோசைக்கல்லில் வைத்ததுபோல் சுரீரென்றது.

ஜன்னல் வழியே, "செயின்தான் கடகடங்குது மாமா" என்று தம்பி முனகுவதும், பிறகு இவர் குரல் தணிந்தும் கேட்டது. "செயின மாத்திட்டு வில்லு. இல்லன்னா வாங்குறவன்கிட்ட உள்ளதச் சொல்லி வில்லு. அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

தம்பியை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. இவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"பாத்தீங்களா? என் தம்பியப் போய் சந்தேகப்பட்டீங்களே!" என்றேன்.

"தப்புதான்" என்றார் இவர். தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை.